பாண்டி1 என்கிற புதுவை1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தேன். என்னுடன் வேலை பார்க்கும் தனசேகரன் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். கையில் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நான்காக மடித்திருந்தார்.

"மேடம், நீங்க பத்திரிகைல எழுதறவங்க. இத கொஞ்சம் இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க."

பிரித்துப் பார்த்தேன். ராஜினாமா கடிதம்.

தமிழில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். தன்னுடைய கவனக்குறைவால் கம்பெனிக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துவதாகவும், இன்றோடு வேலையிலிருந்து விலகிக்கொள்வதாகவும். 'கவனக்குறைவால்' என்பதில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. பேனாவை எடுத்து அந்த 'க்'கைப் போட்டேன். பழக்கதோஷம்.

போட்டுவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தக் கவனக்குறைவு அவருடையது இல்லை. என்னுடையது. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு, நான் ஏதோ கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன் என்பது தெரியும். என்ன வேலை என்று சொன்னதில்லை. சொன்னால் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்களோ என்கிற பயம்தான். இந்த வாரம் மட்டும் ஒரு ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீஸ் முத்தியால்பேட்டையில் ஒரு மாடி. கீழே வெல்டிங் பட்டறை. பிரான்சில் இருக்கும் பதிப்பகங்கள் அனுப்பும் புத்தகங்களை டைப் செய்து, பக்கம் அமைத்து, புரூஃப் பார்த்துத் திருப்பி அனுப்புவது கம்பெனியின் தொழில். பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் இந்த ஊரில் கிடைக்கிறார்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம். சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தனசேகரன் எனக்குக் கீழே பேக்கப் ஆபரேட்டர்.

பேக்கப் என்றால்? தினமும் சர்வரில் இருக்கும் ஃபைல்களை டேப்பில் இன்னொரு பிரதி எடுத்துவைப்பது. எடுத்துவைப்பது சுலபம். அறுபது டேப்புகளில் ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்காகவே பேக்கப் சாஃப்ட்வேர் ஒரு பெரிய அட்டவணை எழுதிக்கொண்டே போகும். இன்டெக்ஸ் என்போம். எந்த ஃபைல், எந்தத் தேதியில், எந்த டேப்பில், டேப்பின் எந்த இடத்தில்... எல்லாம் அதில் இருக்கும். மெஷினுக்கு ஒரு இன்டெக்ஸ்.

இன்டெக்ஸ் இல்லாவிட்டால் டேப் இருந்தும் பிரயோஜனமில்லை. அலமாரி நிறைய புத்தகம், ஒன்றுக்கும் அட்டை கிடையாது.

இன்னும் ஒரே ஒரு விஷயம். ஒரு மெஷினை முதன்முதலாகப் பதிவு செய்யும்போது சாஃப்ட்வேர் அதற்கு ஒரு நீளமான எண் கொடுத்துவிடும். பெயர் நம் வசதிக்கு. சாஃப்ட்வேருக்கு எண்தான் ஆள்.

எங்கள் பெரிய சர்வரின் பெயர் பாண்டி1. ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள் அல்லவா? சென்னை ஹெட் ஆபீஸில் யாருக்கோ ரோஷம் வந்து, சர்வர் பெயரையும் மாற்றச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டார்கள். புதுவை1. கடலூர் பஸ் கண்டக்டர் இன்றைக்கும் 'பாண்டி பாண்டி' என்றுதான் கூவுகிறார். அவரை யாரும் கேட்பதில்லை. சர்வரைத்தான் கேட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மாற்றினோம். சர்வரில் பெயரை மாற்றியது தனசேகரன். டேப் பெட்டிகளில் புது லேபிள் எழுதி ஒட்டியது அவர். வேலைச் சீட்டில் 'முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவர். இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார். தவளக்குப்பத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம் அவருக்கு. அன்றைக்கு அவர்கள் நிலத்தில் நடவு.

மிச்சம் ஒரே ஒரு வேலை. பேக்கப் சாஃப்ட்வேரிலும் பெயரைத் திருத்துவது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

முறைப்படி செய்தால் அரைமணி நேரம். பழைய பதிவைத் திறந்து, எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றவேண்டும். நான் என்ன செய்தேன்? பழைய பதிவை அழித்தேன். புதிதாக ஒன்று போட்டேன். இரண்டு நிமிஷம்.

அப்படி என்ன அவசரம் என்கிறீர்களா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்திரிகைக்கு அந்த வாரத்துப் பத்தியை அன்று ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டியிருந்தது.

அந்த வாரம் எதைப் பற்றி எழுதினேன் என்று எடுத்துப் பார்த்தேன். பொறுமையைப் பற்றி.

நான் செய்ததன் விளைவு, சாஃப்ட்வேரின் கணக்கில் பாண்டி1 என்ற மெஷின் அன்றோடு செத்துப்போனது. புதுவை1 என்று ஒன்று புதிதாகப் பிறந்தது. பழைய டேப்புகள் எல்லாம் செத்தவருடைய சொத்து, வாரிசு கிடையாது. தினசரி பேக்கப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பிரான்சிலிருந்து ஒரு மெயில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் செய்துகொடுத்த தாவர அகராதிக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, குறிப்புகளுடன் கூடிய ஃபைல்கள் வேண்டும், பத்து நாளில்.

குறிப்புகள் மதாம் செலினுடையவை. எங்கள் பிரெஞ்சு புரூஃப் பிரிவு என்றால் அவர்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பிள்ளைகள் எல்லாம் அங்கே, அவர் மட்டும் இங்கே. அந்த அகராதியில் ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் தன் சந்தேகத்தை, திருத்தத்தை, சில சமயம் கோபத்தை எழுதிவைத்தார். அவை அச்சுக்குப் போகவில்லை. ஃபைலில் மட்டும்தான் இருந்தன. வேலை முடிந்ததும் வழக்கம்போல அந்த ஃபோல்டரை சர்வரிலிருந்து நீக்கிவிட்டோம். டேப்பில்தான் இருக்கிறதே!

தனசேகரன் தேடினார். புதுவை1-இல் ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு ஃபைல்கூட இல்லை. பாண்டி1 என்ற பெயரே பட்டியலில் இல்லை.

மேனேஜர் வந்தார். வேலைச் சீட்டுக் கட்டை எடுத்துவரச் சொன்னார். புரட்டினார். கையெழுத்தைப் பார்த்தார்.

"பேர மாத்துனது நீதானே?"

"ஆமா சார்."

"அப்ப பழசத் தூக்குனதும் நீதானே?"

தனசேகரன் யோசித்தார். யோசித்தது தப்பாகிவிட்டது.

"அன்னிக்கு ஒரு என்ட்ரிய டெலீட் பண்ணேன் சார்... டெஸ்டுக்குப் போட்டதுன்னு நெனச்சித்தான் பண்ணேன்..."

"நெனச்சியா? ரெண்டு வருஷத்து வேல போச்சு. நீ நெனச்சியா?"

நான் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பட்டியலில் பாண்டி1 இல்லை என்று பார்த்த நிமிஷமே எனக்கு அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தனசேகரன் அழித்தது நிஜமாகவே ஒரு டெஸ்ட் பதிவுதான். அதை அழிக்கச் சொன்னதே நான்தான்.

வாயைத் திறந்தேனா? இல்லை.

ஏன் என்று பிறகு நிறைய யோசித்தேன். வேலை போய்விடும் என்கிற பயம் இல்லை. என்னை அனுப்பமாட்டார்கள். 'முதலில் சரி செய்துவிடலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைத்தேன் — இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. சரியாகிவிட்டால் யார் செய்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். தாளை மடித்து என் டிராயரில் வைத்தேன்.

"ரெண்டு நாள் பொறுங்க தனசேகர். ஏதாவது வழி இருக்கான்னு பாக்கறேன்."

"பொறுத்து இன்னா மேடம் ஆவப்போவுது? 'நீயா எழுதிக் குடுத்துட்டா உனக்கு மரியாத'ன்னு சார் சொல்லிட்டாரு."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல. எங்கப்பாரு மொதல்லேர்ந்தே சொல்லிக்கினுதான் இருக்காரு, ஏசி ரூம்ல உக்காந்தவன் எவன் நெலச்சிருக்கான், நெலத்தப் பாருடான்னு. இப்பப் போயி அவருகிட்ட நிக்கணும்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு அன்றைய டேப்பை மாற்றப் போய்விட்டார். ராஜினாமா செய்தவர் டேப் மாற்றுவாரா? இவர் மாற்றினார்.

புதன்கிழமை காலையில் உட்கார்ந்து யோசித்தேன். வழிகள் இரண்டுதான். ஒன்று, அறுபது டேப்புகளையும் ஒவ்வொன்றாக முதலிலிருந்து கடைசி வரை சாஃப்ட்வேரைப் படிக்கவைத்து, இன்டெக்ஸைப் புதிதாக எழுதச் செய்வது. மூன்று வாரத்துக்குக் குறையாது. பதிப்பகம் கொடுத்தது பத்து நாள்.

இன்னொன்று, பாண்டி1-இன் பழைய இன்டெக்ஸை புதுவை1-இன் இன்டெக்ஸுடன் ஒன்றாகச் சேர்ப்பது. பதிவை அழித்தாலும் இன்டெக்ஸ் ஃபோல்டர் டிஸ்கில் ஒரு மூலையில் கிடக்கும், அதுவாக அழியாது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று தனசேகரன் வந்து சொன்னபோது, 'பாண்டி1-ன்னு ஒரு பழைய ஃபோல்டர் இருக்கும், அதைத் தூக்கிடுங்க' என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னவள் நான். சாயங்காலம் 'எடம் ஆயிடுச்சு மேடம்' என்றார். அத்தோடு மறந்துவிட்டேன்.

ஆக, ஒரே தவறை இரண்டு முறை செய்திருக்கிறேன். திறமைதான்.

தனசேகரனைக் கூப்பிட்டேன்.

"அறுபது டேப்பையும் திரும்பப் படிக்கவிடணும். இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

அவர் போகவில்லை. நின்றார்.

"மேடம்... ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்த பாண்டி1 ஃபோல்டரு... நான் அழிக்கல."

"எடம் ஆயிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆச்சு. ஸ்டோர்ல ஒரு பழைய டிஸ்க் சும்மா கெடந்துச்சு. அதுல நவுத்தி வெச்சிட்டேன். பேருதான மாறிச்சு, மெஷினு அதேதானன்னு ஒரு இது. உங்ககிட்ட சொல்லாம செஞ்சிட்டேன். தப்பா மேடம்?"

ஏற்கெனவே ஒரு தப்புக்காக வேலையை விடப்போகிற மனிதர், இது இரண்டாவது தப்பாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அதையும் வந்து சொல்லிவிட்டார்.

"தப்பில்ல" என்றேன்.

சாஃப்ட்வேர் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு போன் போட்டேன். பெங்களூரில் எடுத்தவர் தமிழ் பேசினார். நிதானமான ஆள். முதலில் பாண்டி1-ஐ அதே பழைய எண்ணோடு மறுபடி பதிவு செய்யவேண்டும். அதன் பழைய இன்டெக்ஸை அதனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிறகு இரண்டு இன்டெக்ஸையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு வரியும் டேப்போடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவிடவேண்டும்.

"ஒண்ணாக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் தனித்தனியா காப்பி எடுத்து வெச்சுக்குங்க மேடம். நடுவுல நின்னுச்சுன்னா பழசும் போயிரும், இந்த அஞ்சு மாசத்துதும் போயிரும். ஒரு தடவ கலந்துட்டா பிரிக்கறதுக்கு வழி கெடையாது."

புதன்கிழமை முழுக்கக் காப்பி எடுப்பதிலேயே போயிற்று.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பேக்கப்பை நிறுத்தினோம். பழைய எண் வேண்டும். அது பழைய ஃபோல்டரில் இருந்த பதிவேட்டில் இருந்தது — சாஃப்ட்வேர் தான் செய்த ஒவ்வொரு காரியத்தையும் நேரத்தோடு எழுதிவைக்கும் ஒரு ஃபைல். எண்ணும் எழுத்துமாக ஒன்றரை வரி நீளம். இரண்டு ஸ்கிரீன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தனசேகரன் வாசிக்க, நான் அடித்தேன்.

அந்த எண்ணுக்கு நேர் கீழே ஒரு வரி இருந்தது. பாண்டி1 பதிவு அழிக்கப்பட்டது. சனிக்கிழமை. மாலை 4.42.

தனசேகரன் அன்று கிளம்பியது இரண்டு மணிக்கு.

அவர் எண்ணை இரண்டாம் முறை சரிபார்க்க வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்து மவுஸை எடுத்து, அந்த வரி மறையும்வரை உருட்டிவிட்டேன். "எண் சரியா இருக்கு, போதும்" என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை பேசாமல் இருந்ததற்காவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். இதற்கு எதுவும் இல்லை. கை தானாகவே போயிற்று.

பத்தரைக்கு இரண்டையும் சேர்க்கும் வேலையை ஓடவிட்டோம். ஸ்கிரீனில் ஒரு நீலக் கோடு, பக்கத்தில் சதவீதம். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பதினொன்றுக்கு மதாம் செலின் வந்தார். "அலோர்?" என்றார். 'என்ன ஆச்சு' என்று அர்த்தம்.

"ஓடிக்கிட்டிருக்கு மதாம்."

பன்னிரண்டுக்கு வந்தார். "அலோர்?" ஒரு மணிக்கு வந்தார். அப்போது கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுபோயிருந்தது. இருபது நிமிஷமாக அசையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுகூட மெதுவாக விட்டுக்கொண்டிருந்தோம். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுன்னா சொல்லிடும்மா. அந்தக் குறிப்பயெல்லாம் மறுபடி எழுத என்னால முடியாது. கண்ணு அப்ப மாதிரி இல்ல. தனசேகரன அதுக்காக அனுப்பறதுல எனக்கு இஷ்டமும் இல்ல. அந்தப் புள்ள என் ஃபைல் ஒண்ணக்கூட இதுவரைக்கும் தொலச்சதில்ல."

தனசேகரன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

அறுபத்துமூன்று ஆயிற்று.

மூன்று மணி இருபது நிமிஷத்துக்கு முடிந்தது. பட்டியலைத் திறந்தேன். புதுவை1, ஒரே பெயர். அதற்குக் கீழே ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு வருஷத்துக்கு முன்னால், மூன்று வருஷத்துக்கு முன்னால்... ஒரு நாள் விடாமல் வரிசையாக இறங்கிப் போயிற்று. தாவர அகராதியின் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தேன். டேப் எண் வந்தது. தனசேகரன் ஓட்டமும் நடையுமாகப் போய் எடுத்துவந்து போட்டார்.

முதல் ஃபைல் வந்ததும் மதாம் செலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மகிழம்பூ. பக்கத்தில் சிவப்பில் அவருடைய குறிப்பு. பிரெஞ்சில் படித்துவிட்டு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"'இதை எழுதினவர் இந்தப் பூவை மோந்து பார்த்ததே இல்லை'ன்னு போட்டிருக்கேன்."

சிரித்தார். பிறகு தனசேகரனின் தோளைத் தட்டி நன்றி சொன்னார். "மெர்சிப்பா."

மேனேஜரும் வந்தார். நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லோர் முன்னாலும், "மேடம் இல்லன்னா இன்னைக்குக் கம்பெனி மானம் போயிருக்கும்" என்றார். யாரோ கைதட்டினார்கள். இதைவிடச் சங்கடமான கைதட்டலை நான் கேட்டதில்லை. அப்போதாவது சொன்னேனா? தலையை ஆட்டினேன். நன்றிகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் தனசேகரன் பக்கம் திரும்பினார்.

"ரிசைன் எல்லாம் வேணாம். ஆனா மெமோ உண்டு. ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. நாளைக்கு வந்து வாங்கிக்க."

"சரிங்க சார்" என்றார் தனசேகரன்.

ஆக, என் கணக்கு தப்பு. சரி செய்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றா நினைத்தேன்? கேட்கமாட்டார்கள்தான். ஏனென்றால் பதில் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வருவதற்கு முன்னாலேயே அவர் அறை வாசலில் நின்றேன். அந்த 4.42 வரியை பிரிண்ட் எடுத்துவந்திருந்தேன். மேஜைமேல் வைத்தேன்.

"பழைய பதிவ அழிச்சது தனசேகர் இல்ல சார். நான். அவர் அன்னைக்கு ரெண்டு மணிக்கே போயிட்டார். ஃபோல்டர அழிக்கச் சொன்னதும் நான்தான். அவர் அழிக்காம வெச்சிருந்ததாலதான் நேத்து எடுக்க முடிஞ்சுது."

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நீங்களா! அட விடுங்க மேடம். உங்களுக்கு இருக்கற வேலப் பளுவுல... யாருக்கும் நடக்கறதுதான்."

மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டார். பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்.

கவனியுங்கள் — அதே தவறு. அதே சனிக்கிழமை. தனசேகரன் செய்ததாக நினைத்தபோது அதற்குப் பெயர் கவனக்குறைவு. நான் செய்தது என்றதும் அது வேலைப் பளுவாகிவிட்டது. ஊருக்கும் சர்வருக்கும் மட்டுமா பெயர் மாறுகிறது?

"அந்த மெமோவ என் பேர்ல குடுங்க சார்" என்றேன்.

"உங்களுக்குக் குடுத்தா, உன்ன யாருய்யா மேனேஜரா வெச்சதுன்னு என்னத்தான் கேப்பாங்க. போய் வேலயப் பாருங்க மேடம்."

நானே ஹெட் ஆபீஸுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பார்த்துக்கொண்டோம் என்று ஒரே வரி.

அந்த வெள்ளிக்கிழமையே மேனேஜர் தனசேகரனைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன். "உன் மேல தப்பு இல்லயாம்பா. மேடமே சொல்லிட்டாங்க. போ" என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டியது அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். மாடிப்படிப் பக்கம், கீழே பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம். அது நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"என்ன மன்னிச்சிடுங்க தனசேகர்."



"வியாழக்கெழமயே பாத்துட்டேன் மேடம்" என்றார். "நாலு நாப்பத்திரண்டு. நீங்க உருட்றதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். லேபிளு படிச்சிப் படிச்சிப் பழகுன கண்ணு."



"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

"மெமோவ வாங்கிக்கினு, அந்த லெட்டர உங்ககிட்டேர்ந்து திருப்பி வாங்கிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். அப்புறம் இங்க யார நம்பி வேல செய்யறது?"

கோபமாகச் சொல்லவில்லை. டேப் எண்ணை வாசிப்பதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு ஒரு வாரம் வேலை சம்பந்தமாக மட்டும்தான் பேசினார். அது நியாயம்தான். அடுத்த திங்கட்கிழமை, கேட்காமலே எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். நானும் வாங்கிக் குடித்தேன்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. எம் பேர மட்டும் மாத்திப்புடுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே, வரிவரியாக, அவசரமில்லாமல் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"செவ்வா, புதன், வியாழன்னு மூணு நாளு கணக்கா எழுதியிருக்கீங்க மேடம். அது ஆபீஸ்ல. வூட்ல மூணு ராத்திரி இருக்குது. அதயும் சேத்துக்குங்க."

சேர்த்துவிட்டேன்.